மொறிஸ் மைனர் பழுதுகள்: எதை முதலில் பார்ப்பது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது

கொழும்பில் மொறிஸ் மைனர் ஒன்றை வாங்குகிறவர்கள் அநேகமாக முதலில் காசு போடுவது பெயின்டுக்கு, அடுத்தது எஞ்சினுக்கு. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் அவைதான், அதனால் அப்படி நடக்கிறது. ஆனால் இந்தக் காரில் ஆளை ஆபத்தில் மாட்டிவிடக்கூடிய இடங்கள் வேறு: துருப்பிடித்த அடிப்பாகம், முன்சில்லைத் தாங்குகிற கிங்பின், அப்புறம் பிறேக். எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் புகைவிட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கிங்பின் அப்படியில்லை. ஆகவே காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது. அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கீழே சொல்லும் ரூபாக் கணக்கு எல்லாம் நான் ஒதுக்கி வைக்கச் சொல்லும் தொகை, கடை விலைப்பட்டியல் அல்ல. 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்திலேயே 360 வரை போனது. இங்கிலாந்திலிருந்து வரும் சாமான் விலை அதோடு சேர்ந்து ஏறியது, பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பேசி முடிவெடுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த மைனர்?

பார்ட்ஸ் வாங்கப் போகுமுன் இது தெரிந்திருக்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. முதலில் 918 சிசி, பக்க வால்வு எஞ்சின். 1952 முதல் 803 சிசி. 1956இல் மைனர் 1000 வந்தது, 948 சிசி. நடுவில் கோடு போட்டுப் பிரித்த முன்கண்ணாடி போய் ஒரே கண்ணாடி ஆனதும் அப்போதுதான். 1962 முதல் 1098 சிசி. இங்கே ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை மைனர் 1000தான். எஞ்சின் இலக்கத் தகட்டைப் பாருங்கள்: 9 எம் என்று தொடங்கினால் 948, 10 எம்.ஏ. என்று தொடங்கினால் 1098. கிளச்சும் முன்பிறேக்கும் இரண்டுக்கும் வேறு. 948இல் முன்பிறேக் ட்ரம் 7 அங்குலம், 1098இல் 8 அங்குலம். "மைனருக்கு பிறேக் ஷூ தாங்கோ" என்று மட்டும் கேட்டால் தவறானதைத்தான் வாங்கிவருவீர்கள்.

தகட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். வாகன இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய அறுபது எழுபதுகளில் இருந்து இந்தக் கார்களை எது கிடைக்கிறதோ அதைப் போட்டுத்தான் ஓட வைத்தார்கள். ஆகவே 1958 கார் ஒன்றில் 1098 எஞ்சினும், அதே காரில் 948இன் பிறேக்கும் இருக்கலாம். ட்ரம்மைக் கழற்றி அளந்துவிட்டுப் போவதே நல்லது.

படி 1: அடியில் படுத்துப் பாருங்கள்

மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. பொடியே சேசிஸ். ஆகவே தகடு உக்கினால் காரின் முதுகெலும்பே உக்கியதாக அர்த்தம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மரீன் ட்ரைவ் ஓரம் நிறுத்துகிற கார் என்றால் உப்புக் காற்று வேறு. மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கை, அடுக்குமாடியின் ஈரமான அடித்தளப் பார்க்கிங், இவையும் சேர்ந்துகொள்ளும்.

தேவையானது ஒரு தட்டை ஸ்குரூ ட்ரைவர், ஒரு சின்னக் காந்தம், ஒரு டோர்ச். முன் ஆசனங்களுக்குக் கீழே காரின் குறுக்காக ஓடும் உறுப்பு இருக்கிறது, குரொஸ் மெம்பர் என்பார்கள். முன் சஸ்பென்ஷனின் ரோர்ஷன் பார்கள் (ஸ்பிரிங் போல முறுக்கிப் பாரம் தாங்கும் கம்பிகள்) வந்து முடிவது அதில்தான். முதலில் அதையும் அதன் இரண்டு முனைகளையும் குத்திப் பாருங்கள். அடுத்து கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு (சில்), ஜக் வைக்கிற இடம், எஞ்சினிலிருந்து பின்னால் வரும், சேசிஸ் கால்கள் என்று சொல்லும் பொடியின் இரண்டு நீள உறுப்புகள், கடைசியாகப் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தொங்குகிற கொளுவி. இந்தப் பின் கொளுவியை யாரும் பார்ப்பதில்லை. டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் மேலிருந்தே பாதி தெரியும்.

தார் மாதிரிக் கறுப்பாகத் தடித்து அண்டர்சீல் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல தகட்டுக்கு மேல் அடித்தது பாதுகாப்பு, துருவுக்கு மேல் அடித்தது மூடிமறைப்பு. ஸ்குரூ ட்ரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்கும், உக்கினது மந்தமாகச் சத்தம் போடும். காந்தம் ஒட்டாத இடத்தில் கெற்றலோயோ பட்டியோ நிரப்பியிருக்கிறார்கள். ஃபெண்டரில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, கதவடிச் சில்லில் இருந்தால் பெரிய விஷயம்.

கதவு இடைவெளிப் பரிசோதனை இன்னும் நல்லது, காசும் செலவில்லை. கதவை மூடி, கதவுக்கும் பின்தூணுக்கும் இடையேயான வெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஜக் வைக்கிற இடத்திலேயே மெல்ல உயர்த்துங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் பொடி உறுதி. இடைவெளி மாறினாலோ கதவு திறக்க இறுகினாலோ கார் நடுவில் வளைகிறது. வாங்கப் போகிற கார் என்றால் அந்த இடத்திலேயே விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

செலவு: ஒரு ஜக் பொயின்ற், ஒரு சின்ன ஒட்டு என்றால் 20,000 முதல் 40,000 வரைக்குள் முடியும். சில் இரண்டும், குரொஸ் மெம்பர் முனைகளும், ஸ்பிரிங் கொளுவிகளும் சேர்ந்தால் 3 முதல் 6 இலட்சம் வரை ஒதுக்குங்கள். டிங்கரிங் பாஸிடம் இரண்டு நிபந்தனை வையுங்கள். பழைய துருவை வெட்டி எடுத்த பிறகே புதிய தகடு, மேலே மேலே ஒட்டக்கூடாது. கதவடிச் சில்லை வெட்டும்போது கதவு மாட்டியே இருக்க வேண்டும், காருக்குக் கீழே சரியான முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது.

தகடு கிடைக்குமா என்று கவலை வேண்டாம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மைனரின் கதவடிச் சில்லையும் ஃப்ளோரையும் தகட்டிலிருந்து மடித்து எடுக்கத் தெரிந்த கைகள் இங்கே உண்டு, தேடினால் கிடைக்கும்.

ட்ரவலர் (மைனரின் ஸ்ரேஷன் வகன் வடிவம்) வைத்திருப்பவர்கள் பின்னால் தெரியும் மரச்சட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அது அலங்காரம் அல்ல, பின்பொடியைத் தாங்குவதே அந்த மரம்தான்.

படி 2: கிங்பின், இதில் விளையாட வேண்டாம்

மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும் ஒரு செங்குத்தான பின்னில் திரும்புகிறது. அந்தப் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். அவை இரண்டு உறைகளுக்குள், ட்ரனியன் என்று பெயர், திருகிக்கொண்டு திரும்பும். கிறீஸ் இருக்கும்வரை இது பல வருடம் உழைக்கும். கிறீஸ் காய்ந்தால் மரை தேய்ந்து வழுக்கி, கீழ் ட்ரனியன் பின்னைவிட்டுக் கழன்றுவிடும். சில்லு ஃபெண்டருக்குள் மடிந்து கார் அந்த இடத்திலேயே முழங்காலிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும், ஆனால் கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்தால் மெதுவாக நடந்ததா என்பது முக்கியமில்லை.

பரிசோதிக்கும் முறை இது. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்ட் வைத்து, சில்லு தரையைவிட்டு எழும்பட்டும். சில்லின் மேலும் கீழும் இரண்டு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே இருத்தி பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் அது சில்லு பெயரிங். போகாமல் இருந்தால் கிங்பின், அல்லது கீழ்க்கையின் உள்முனையில் உள்ள புஷ். இன்னொருவர் டோர்ச்சோடு கீழே பார்த்தால் எந்த மூட்டு அசைகிறது என்று நேராகவே தெரியும். அடுத்து ஒரு நீண்ட இரும்பைச் சில்லுக்குக் கீழே கொடுத்து மேலே நெம்புங்கள். சில்லு மேலும் கீழும் துள்ளினால் மரை போய்விட்டது. அந்தக் காரை ஓட்டாதீர்கள், கராஜுக்குக்கூட.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேர்விஸ் ஸ்ரேஷனில் கார் தன் சில்லுகளிலேயே நிற்கிற றாம்ப்பில் ஏற்றி அடித்தால், பாரம் அழுத்துகிற பக்கத்து மரைக்குள் கிறீஸ் போகவே போகாது. சில்லு தொங்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் சின்ன வாய்), கீழே ஒன்று. நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு கிறீஸ் கன்னை வைத்து மெல்ல அழுத்துங்கள். முதலில் கறுத்த, மணல் கலந்த பழைய கிறீஸ் பிதுங்கும். ஸ்டியரிங்கை ஒரு அந்தத்துக்குத் திருப்பி இன்னும் கொஞ்சம், மற்ற அந்தத்துக்குத் திருப்பி இன்னும் கொஞ்சம். புதிய கிறீஸ் அதே நிறத்தில் வெளியே வரும்வரை நிறுத்தக்கூடாது. எதுவுமே வெளியே வரவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது; கழற்றிப் பெற்றோலில் கழுவுங்கள், இல்லையேல் புதிதாக மாற்றுங்கள், சில நூறு ரூபா சாமான். 1000 மைலுக்கு ஒரு தடவை, குறைவாக ஓடினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அடிப்பாகத்தை பிரஷர் வோஷ் செய்தாலோ வெள்ளத்துக்குள் ஓடினாலோ அன்றைக்கே.

செலவு: கிறீஸ் அடிக்க 2,000, 3,000. இரண்டு பக்கமும் கிங்பின், ட்ரனியன், புஷ் எல்லாம் புதிதாகப் போட இறக்குமதிச் சாமானோடு ஒரு இலட்சத்துக்கு மேல் போகும். லேத்தில் ட்ரனியன் கடைந்து தருகிறோம் என்பார்கள், விலை பாதிக்கும் குறையும். புஷ் கடைவதற்கு நான் சம்மதம். ஆனால் மரை வெட்டிய பின்னையும் ட்ரனியனையும் எந்த இரும்பு, எந்தக் கடினம் என்று தெரியாமல் கடைந்து போடுவதற்குச் சம்மதமில்லை. மைனரில் காசு மிச்சம் பிடிக்க நிறைய இடம் உண்டு, இது அந்த இடமல்ல.

படி 3: பிறேக்

நாலு சில்லுக்கும் ட்ரம் பிறேக், ஒரே ஒரு ஒயில் சுற்று. எங்காவது ஒரு இடத்தில் கசிந்து ஒயில் போனால் நாலும் போய்விடும். இன்றைய கார்களில் இருக்கும் இரட்டைச் சுற்று இதில் இல்லை என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இருக்கிற இடம்தான் பெரிய பிரச்சினை. ட்ரைவரின் காலுக்குக் கீழே, சேசிஸ் காலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, தரையில் உள்ள மூடியைக் கழற்றினால்தான் ஒயில் மட்டம் பார்க்க முடியும். யாரும் தூக்குவதில்லை. மேலிருந்து மழைத்தண்ணி, கீழிருந்து வீதித்தண்ணி, சிலிண்டர் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அதை வெளியே எடுக்கவும் இலேசில்லை, ரோர்ஷன் பார் குறுக்கே நிற்பதால் போல்ட் வெளியே வராது, பாரை நகர்த்த வேண்டும். ஆகவே கராஜில் கூலி அதிகம் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், இது உண்மையாகவே அரைநாளுக்கு மேற்பட்ட வேலை. அதே காரணத்துக்காக, ஒரு தடவை வெளியே எடுத்தால் ரப்பர் கிற் மட்டும் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். உள்சுவரில் குழி இருந்தால் புது ரப்பர் சில மாதத்தில் கிழியும். புது சிலிண்டர் போடுங்கள், அல்லது லேத்தில் ஸ்ரெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் (உட்குழாய்) அடித்துப் போடுங்கள். ஸ்லீவ் வேலை கொழும்பில் நன்றாகவே செய்வார்கள், நான் அதையே சிபாரிசு செய்வேன்.

மிதியே பழுதைச் சொல்லும். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டு மூன்று தடவை குத்தினால் உயர்கிறதா? ஷூ அட்ஜஸ்ட் பண்ணவில்லை. இது தானாக அட்ஜஸ்ட் ஆகிற பிறேக் இல்லை, சில்லுத் தொப்பியைக் கழற்றி ட்ரம்மின் ஓட்டை வழியாக ஸ்குரூ ட்ரைவரால் திருப்ப வேண்டும், முன்சில்லுக்கு இரண்டு, பின்சில்லுக்கு ஒன்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டர். பஞ்சு மாதிரி இருக்கிறதா? காற்று. ஒரு பக்கம் இழுக்கிறதா? எதிர்ப்பக்கச் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது ஷூவில் ஒயில் பட்டிருக்கலாம். பின்பக்கம் என்றால் ஹப்பின் கஸ்கெட் போய் அக்சில் ஒயில் உள்ளே கசிந்திருக்கும்.

வீல் சிலிண்டர் மொத்தம் ஆறு, முன்சில்லுக்கு இரண்டு வீதம். ஒன்று கசிந்தால் மற்றவையும் பின்னால் வரும், ஆறையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். ரப்பர் ஹோஸ் மூன்றும் எந்த வயது என்று தெரியாவிட்டால் அவையும். டொட் 4 பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம்முடைய காலநிலையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுவது கட்டாயம். எஞ்சின் ஒயிலோ வேறெந்த மினரல் ஒயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும்.

செலவு: முழு பிறேக் சிஸ்டமும் புதிதாகச் செய்ய 1 முதல் 1.75 இலட்சம் வரை ஒதுக்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் மட்டும் ஸ்லீவ் அடித்து மாட்ட 25,000 முதல் 35,000 வரை.

முன்பிறேக்கின் அமைப்பு காரணமாகப் பின்னோக்கிப் போகும்போது பிடி குறைவு. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது இதை மனதில் வைத்திருங்கள், பழுதல்ல, இயல்பு.

இந்த மூன்று படியும் முடியும்வரை எஞ்சினில் கை வைக்க வேண்டாம்.

படி 4: சூடு

காலி வீதியில் மாலை ஆறு மணிக்கு அடி அடியாக நகரும்போது சூடாகாத மைனர் இருந்தால் அது நன்றாகப் பராமரித்த மைனர். கார் இங்கிலாந்துக் குளிருக்குச் செய்தது என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம், எல்லாம் ஒழுங்காக இருந்தால் இந்த எஞ்சின் கொழும்பிலும் கொதிக்காது.

சும்மா பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். றேடியேற்றர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மைனர் 1000இன் பிந்திய கார்களுக்கு 7 பி.எஸ்.ஐ. மூடி, ஜப்பான் கார் மூடியைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் பழைய றேடியேற்றர் வெடிக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடாகும், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அதன் பிறகே றேடியேற்றரைக் கழற்றி ரொட் அடிப்பது (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது). வருடக்கணக்காகப் பைப் தண்ணியை மட்டும் ஊற்றிய எஞ்சினில் துருச்சேறு பிளொக்கின் பின்முனையில் கட்டியிருக்கும். றேடியேற்றரை எத்தனை தடவை கழுவினாலும் அந்தச் சேறு திரும்பத் திரும்ப வந்து அடைக்கும், ஆகவே பிளொக்கின் ட்ரெயின் டப்பைக் கழற்றிக் கம்பியால் கிளறிக் கழுவுங்கள். பிறகு வடித்த தண்ணியும் கூலன்டும். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் அல்ல, துருவைத் தடுக்க.

தேர்மோஸ்ரட்டைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம். இந்த எஞ்சினில் அது நல்லதல்ல, வெறுமனே கழற்றினால் தண்ணி ஓட்டம் மாறி ஹெட்டின் பின்பக்கத்துக்குச் சரியாகப் போகாது. 82 பாகைக்குப் பதிலாக 74 பாகைத் தேர்மோஸ்ரட் போடுங்கள். வோட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு குட்டி ஹோஸ் இருக்கிறது, பைபாஸ் ஹோஸ். அது வெடித்தால் நடுவீதியில் தண்ணி முழுதும் போகும், அதை மாற்றப் பம்ப்பைக் கழற்ற வேண்டும். ஆகவே பம்ப் எப்போது வெளியே வந்தாலும் இதையும் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாவுக்காக விடாதீர்கள்.

ஒயில் மூடிக்குக் கீழே வெள்ளைக் களி, றேடியேற்றரில் விடாமல் குமிழி, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் கொம்பிரசன் குறைவு, இவை ஹெட் கஸ்கெட்டின் அடையாளம். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் மாட்டவேண்டாம்.

செலவு: ரொட் அடிக்க 10,000 முதல் 15,000, புது றேடியேற்றர் கோர் 40,000க்கு மேல், ஹெட் கஸ்கெட் வேலை மட்டம் அடிப்பதோடு 35,000 முதல் 50,000.

படி 5: ஸ்ராட் ஆகாமல் நின்றால்

சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுங்கள். எஸ்.யு. பெற்றோல் பம்ப் எஞ்சின் அறைக்குள்ளேயே இருக்கிறது. டிக் டிக் என்று வேகமாக அடித்து, காபரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் பம்ப்பின் பொயின்ற் ஒட்டியிருக்கும், ஸ்குரூ ட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வரும், வீட்டுக்கு வந்து சேரப் போதும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேட்டர் நிரம்பி வழிகிறது. மூன்றாவதை உடனே பாருங்கள். இந்த எஞ்சினில் காபரேட்டருக்கு நேர் கீழே சைலன்சர் மனிஃபோல்ட் இருக்கிறது, வழியும் பெற்றோல் கொதிக்கிற இரும்பில்தான் விழும். மிதவையின் ஊசியை மாற்றுங்கள், காருக்குள் ஒரு தீயணைப்பானும் வையுங்கள்.

அதே மனிஃபோல்ட் சூட்டினால்தான் நெரிசலில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தால் ஸ்ராட் ஆகாமல் அடம்பிடிக்கும். பெற்றோல் ஆவியாகிவிடுகிறது. பொனட்டைத் திறந்து வையுங்கள், ஈரத்துணி போடுங்கள். நிரந்தரத் தீர்வு, கழற்றி எறிந்த வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் போடுவதும் பெற்றோல் பைப்பை மனிஃபோல்டிலிருந்து விலக்கி இழுப்பதும்.

இக்னிஷன் பக்கம்: பொயின்ற் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ., வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. இப்போது வரும் மலிவுக் கொண்டென்சர்களும் ரோட்டர்களும் புதிதாக இருக்கும்போதே பழுதாகும். ரோட்டரின் பித்தளையை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தால் வாங்காதீர்கள், அந்த ரிவெட் வழியாகக் கரண்ட் தண்டுக்குப் பாயும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் கேளுங்கள். பழைய கொண்டென்சர் வேலை செய்கிறது என்றால் எறியாமல் டேஷில் வையுங்கள்.

செலவு: பிளக், பொயின்ற், கொண்டென்சர், ரோட்டர், மூடி, வயர் எல்லாம் 15,000 முதல் 25,000. காபரேட்டர் கழற்றிக் கிற் போட 20,000 அளவில், த்ரொட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுத்தால் லேத் வேலையோடு இன்னும் கொஞ்சம்.

படி 6: கரண்ட்

மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் இணைந்திருக்கும். புதிய தலைமுறை எலக்ற்றிஷியன்மாருக்கு இது பழக்கமில்லை. ஜம்ப் கொடுக்கும்போதும், ரேடியோ பூட்டும்போதும், எலக்ற்றோனிக் இக்னிஷன் வாங்கும்போதும் முதலில் இதைச் சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே மாற்றியிருக்கவும் கூடும், பற்றரியின் கறுப்பு வயரையும் சிவப்பு வயரையும் நம்பாமல் முனையைப் பாருங்கள்.

டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் பண்ணாது. சிவப்பு லைட் மெல்ல எரிந்து, அக்சிலேற்றர் கொடுத்ததும் அணைந்தால் அது பழுதல்ல. ஆனால் மழை நாள் இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஒரு மணித்தியாலம் நெரிசலில் நின்றால் பற்றரி இறங்கும். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் என்றால் அல்ரனேற்றர் போடுங்கள், 30,000 முதல் 45,000; போடும்போது நெகற்றிவ் பொடிக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை.

மற்றபடி பாதிப் பழுது எர்த் வயரில்தான். எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் பட்டை வயர் உக்கியிருந்தால் ஸ்ராட்டரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும், கேபிள் சுடும். உப்புக் காற்றுக்குப் பச்சை பிடித்த குண்டு இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்தாலே லைட் பிரகாசம் கூடும். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது, போட்டுக்கொள்வது நல்லது.

படி 7: கடைசியில் எஞ்சினும் கியர்பொக்ஸும்

நீல நிறப் புகை, கொஞ்சம் ஒயில் ஒழுக்கு, டப்பட் சத்தம், இவற்றோடு இந்த எஞ்சின் வருடக்கணக்கில் ஓடும். கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை, சுருள் வெட்டு ஒன்றுதான் ஒயிலைத் திருப்பி அனுப்புகிறது, ஆகவே நிறுத்திய இடத்தில் சில சொட்டு விழுவது சாதாரணம். திடீரென்று ஒழுக்கு கூடினால் முதலில் பிரீதர் (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டப்பட் இடைவெளி 0.30 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. ஒயில் 20டபிள்யூ-50. பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனமாகக் குத்துகிற சத்தமும் சூடானதும் ஒயில் லைட் மினுங்குவதும் சேர்ந்து வந்தால்தான் முழு ஓவர்ஹோல். அதற்கு 2.5 முதல் 4 இலட்சம்.

கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான். தடித்த கியர் ஒயில் பின் அக்சிலுக்கு மட்டும், ஈ.பி. 90. முதலாம் கியரின் முனகல் இயல்பு, அதற்கு சிங்க்ரோவும் இல்லை, கார் நின்ற பிறகே போடுங்கள். கிளச்சின் த்ரஸ்ட் பெயரிங் கரிக்கட்டியால் ஆனது, லைட்டில் நிற்கும்போது கிளச்சை மிதித்துக்கொண்டே இருந்தால் தேய்ந்து தீரும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். கிளச் மாற்ற 50,000 முதல் 70,000, அதில் பெரும்பகுதி கூலி.

நிசான் எஞ்சின் ஏற்றிய மைனர்கள் இங்கே நிறைய. நன்றாகத்தான் ஓடும், ஐந்து கியரும் கிடைக்கும். ஆனால் பிறேக் பழைய 7 அங்குல ட்ரம்மாகவே இருந்தால் அந்தக் காரை நான் தொடமாட்டேன். எஞ்சின் மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் விற்பவர் பெயரில் இருக்கும்போதே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்து தரச் சொல்லுங்கள், வாங்கிய பிறகு ஆளைத் தேடுவது சிரமம்.

சாமான் வாங்கும்போது

பஞ்சிகாவத்தைதான் முதல் இடம், பாவித்த சாமானுக்கு டெல்கந்தைப் பக்கமும் போய்ப் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், இலக்கம் சொல்லி வாங்குவதைவிட பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நிச்சயம். முதல் கடையில் சொல்லும் விலையில் வாங்காமல் அடுத்த இரண்டு மூன்று கடையும் ஏறி இறங்குங்கள். பிறேக் ரப்பர், ஹோஸ், கிங்பின் ஆகிய மூன்றையும் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். ஸ்ராட்டர், டைனமோ, காபரேட்டர், கதவுக் கைப்பிடி போன்றவற்றைத் தாராளமாகப் பாவித்ததாக வாங்கலாம், பழைய லூகாஸ் சாமானை ரிப்பேர் பண்ணினால் புதுப் போலியைவிட நீண்ட நாள் உழைக்கும்.

இங்கிலாந்திலிருந்து தருவிப்பதென்றால் சின்னச் சின்னதாக எடுக்காமல் பட்டியல் போட்டு ஒரே பார்சலாக எடுங்கள், அனுப்பும் செலவும் தீர்வையும்தான் சாமான் விலையைத் தூக்குகிறது. மைனர் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஸ்பானர் அங்குல அளவு வேண்டும். 13 மி.மீ. ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஏறும், ஏறித் திருகும்போது முனையை மழுக்கிவிடும். கராஜில் மி.மீ. செட் மட்டும் இருந்தால் உங்களுடைய அங்குல செட்டைக் காரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய நட்டையும் போல்டையும் ஒரு டப்பாவில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அதே மரையில் புதிது தேடுவது அரைநாள் அலைச்சல்.